காப்புக் கட்டியவர்களின் வாக்கு

ஒரு தோட்டத்து மக்களின் வாக்கை நான் பறித்தேன். கள்ள வாக்குப் போடவில்லை, பெட்டியை மாற்றவில்லை, யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்கவில்லை. ஒரு கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன். அப்போது நான் மலாக்கா மாநிலத்தில் தேர்தல் வேலைக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி.

தேர்தல் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மழை வெள்ளத்தில் வாக்குப் பெட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு போன கதை என்னிடமும் இருக்கிறது. அதை விருந்துகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன். அதில் நான் நல்லவனாக வருகிறேன். அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இதைச் சொல்கிறேன்.

பெம்பானைத் தாண்டி உள்ளே போனால் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு வகுப்பறை கொண்ட பழைய பள்ளிக் கட்டடம்தான் எப்போதும் வாக்களிப்பு மையம். அந்த முறை தேர்தல் தேதி அறிவித்த பிறகு பெய்த மழையில் அதன் கூரையில் ஒரு பகுதி இறங்கிவிட்டது. என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டோம். வழி இரண்டு. பள்ளித் திடலில் கூடாரம் அடித்து அங்கேயே நடத்தலாம். அல்லது தோட்டத்து வாக்காளர்களைப் பெம்பானில் இருக்கும் இடைநிலைப் பள்ளிக்கு வரச் சொல்லலாம். கூடாரம் என்றால் தனி மின்சாரம், தனிக் காவல், மழை பெய்தால் சேறு, எனக்குத் தலைவலி. பெம்பான் பள்ளி என்றால் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த துணை அதிகாரி புவான் சல்மியா கையைத் தூக்கினார்; எங்கள் அலுவலகத்தில் பெண் என்றால் புவான், ஆண் என்றால் துவான். அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து வளர்ந்தவர்.

"துவான், அந்த வாரம் அங்கே கோயில் திருவிழா. கையில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் தோட்டத்தைவிட்டு வெளியே வர மாட்டார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். அது இப்போதும் உண்டா?"

உண்டு. தீச்சட்டி எடுக்கவோ, பால்குடம் எடுக்கவோ, கரகம் தூக்கவோ வேண்டிக்கொண்டவர்கள் திருவிழாத் தொடக்கத்தில் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியபின் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் முறிந்துவிடும். நான் ரெம்பியா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டிலும் காப்புக் கட்டியிருக்கிறார்கள். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம்," என்றேன். "இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பஸ் இருக்கிறது, வருவார்கள்."

அந்த அறையில் நான் ஒருவன்தான் தமிழன். தமிழர் கோயிலைப் பற்றி நான் சொன்னதற்கு மேல் யார் பேசுவார்கள்? புவான் சல்மியா தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். மையம் பெம்பானுக்குப் போயிற்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைவலி வேண்டாம் என்று நினைத்தது பாதிக் காரணம். மறுபாதி பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரெம்பியாவில் ஒரு சாவடிக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு பெரியவர் வாக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கய்யா குத்தணும்?" என்று என்னிடம் கேட்டார். "மறைப்புக்குள்ள போயி, உங்களுக்கு வேண்டிய ஆளுக்கு நேரா குறி போடுங்கய்யா," என்று தமிழில் சொன்னேன். தமிழ் தெரியாத ஒரு கட்சி முகவர் எழுந்துவிட்டார். யாருக்குப் போடுவதென்று நான் சொல்லிக்கொடுத்ததாகப் புகார். விசாரணை நடந்தது. பக்கத்தில் இருந்த எழுத்தருக்குத் தமிழ் தெரியும் என்பதால் தப்பித்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் நான் தமிழ் பேசியதில்லை. தமிழர் சம்பந்தப்பட்ட எந்த விஷயம் வந்தாலும் மற்றவர்களைவிடக் கறாராக இருப்பேன். அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்திருந்தேன். தன் ஆட்களுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கூட்டத்தில், "ஆமாம், கோயில் வழக்கம் இருக்கிறது, கூடாரம் அடிப்போம்," என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி ஒருவர் கூட்டத்தை முடிக்கும்போது, "எல்லாம் தயாரா?" என்று கேட்க மாட்டார். "அன்றைக்கு யாரால் வர முடியாது?" என்றுதான் கேட்பார். அதை அன்று கேட்டிருக்க வேண்டியவன் நான். என் வேலையைப் புவான் சல்மியா செய்தார். நான் அவர் வாயை அடைத்தேன்.

வாக்களிப்பு நாள் காலையில் பெம்பான் பள்ளியிலிருந்து போன் வந்தது. மற்ற வரிசைகள் வாசல்வரை நிற்கின்றன, தோட்டத்து வரிசையில் மட்டும் இளவட்டங்கள் சிலர் வந்து போட்டுவிட்டுப் போனார்கள், அதன் பிறகு ஆளே இல்லை என்றார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காரை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன்.

கோயிலில் மேளம் நடந்துகொண்டிருந்தது. கோயில் தலைவர் பெருமாள், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சட்டையில் இருந்த அலுவலக அட்டையைப் பார்த்தார்.

"வாங்க சார். ஆள் பிடிக்க வந்தீங்களா?"

"நிலவரம் பாக்க வந்தேன்."

"நிலவரம் இந்தா இருக்கு. பாதித் தோட்டம் கையில காப்போட நிக்குது. சாப்பிட்டுட்டுப் போங்க லா. கோயில் சாப்பாடு. இல்ல, இதுக்கும் ஏதாவது ரூல்ஸ் இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்போது மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தார். என்னைவிட மூத்தவர். பெயர் காமாட்சி. பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை, திருவிழாவுக்கு லீவு எடுத்திருந்தார். மணிக்கட்டில் காப்பு. கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட நீல நிற அடையாள அட்டை. உறைக்கு வெளியே மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தார்.

"தம்பி, ஒரு பொட்டிய இங்க கொண்டாந்துர முடியாதா?"

"முடியாதுக்கா. சட்டம் விடாது."

"போன தடவ இங்கதானப்பா வச்சாங்க?"

"ஆமா."

"நான் இங்கயே பொறந்தவ. பொறப்பப் பதியாம விட்டுட்டாங்க, வயசுக்கு வந்ததுலேர்ந்து சிவப்பு ஐ.சி., குடியுரிமையும் இல்ல, வோட்டும் இல்ல. நாலு ஆபீஸ் ஏறி எறங்கி, போன வருசந்தான் நீலம் குடுத்தாங்க. எடுத்த ஒடனே வோட்டுக்குப் பதிஞ்சேன். இது வந்தா தீச்சட்டி எடுக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன். அதான் இந்த வருசம் கட்டியிருக்கேன்."

பெருமாள் என் பக்கம் திரும்பி, "ஒவ்வொரு எலெக்சனுக்கும் தோட்டமே பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கும் சார். இது மட்டும் எல்லாத்தோட பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளிய நிக்கும். இந்தத் தடவ நான்தான் மொத ஆளு, எவளாவது என் பேரனைத் தூக்கிக்கிட்டு வெளிய நில்லுங்கடின்னு வாரக்கணக்கா ஒரே ஆட்டம்," என்றார்.

"ஆட்டந்தான்," என்றார் காமாட்சி அக்கா. "ஏன், ஆடக் கூடாதா?"

ஒரு கட்சிக்காரர் வேனோடு நின்றிருந்தார். "அக்கா, காரியமா ஒரு எட்டுப் போய்ட்டு வந்தா ஆத்தா கோச்சுக்க மாட்டா. நான் கொண்டு விட்டுக் கூட்டியாறேன்," என்றார்.

"ஒனக்கு வோட்டு வேணும், நீ சொல்லுவ," என்றார் அக்கா. "இந்தக் கார்டக் குடுத்தவ அவ. அவளுக்குச் சொன்ன வாக்க மீறிப்புட்டு நான் போயி என்னத்தக் குத்துறது?"

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"யாரு தம்பி எடத்த மாத்துனது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்கள், ஒருவேளை யாராவது சட்டையைப் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. நான் சொன்னது இது: "மாவட்ட ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்கக்கா."

"யாரு, அந்த புவான் சல்மியாவா?" என்று பெருமாள் கேட்டார். "பக்கத்துக் கம்பத்து ஆளு. திருவிழா தெரியாதா அந்த அம்மாவுக்கு?"

நான் தலையாட்டவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டினேன்.

காமாட்சி அக்கா அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் சாவடி மூடியபோது தோட்டத்து வரிசைக்கு வர வேண்டியவர்களில் பெரும்பாலானவர்கள் வரவில்லை. அந்தத் தொகுதியின் முடிவு அவர்கள் வாக்கால் மாறியிருக்காது. வெகுநாள் இந்தச் சமாதானத்தில்தான் தூங்கினேன். நீங்களும் ஒருநாள் இதே சமாதானத்தைத் தேடிப் போவீர்கள். போகாதீர்கள். அன்று காமாட்சி அக்கா யாரையும் ஜெயிக்கவைக்க நினைக்கவில்லை. தன் தோட்டத்தார் பார்க்க, வரிசையில் நிற்க நினைத்தார்.

யாரும் புகார் கொடுக்கவில்லை. அந்த மக்களுக்குப் புகார் கொடுத்துப் பழக்கமில்லை. ஆனால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், நான் காட்டிய இடத்துக்குப் போயிற்று. அடுத்த வருடம் வேறொரு கூட்டம் முடிந்து புவான் சல்மியா என்னிடம் வந்தார்.

"துவான், அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் வேலையாகப் போயிருந்தேன். ஒரு வீட்டில்கூட உட்காரச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கமான வீடுகள். என்ன கோபம் என்று கேட்டால், உங்களுக்கே தெரியும் என்கிறார்கள். துவானுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதே," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தோட்டத்து மையம் தோட்டத்திலேயே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் கூடாரம் அடிக்க வேண்டும் என்று பரிந்துரை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பெரிய பரிகாரம் செய்துவிட்டதாக நினைத்தேன். அதற்குள் தோட்டத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். பல குடும்பங்கள் வெளியேறின. காமாட்சி அக்கா பத்து பெரண்டாமில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய வாக்கும் முகவரியோடு போய்விட்டது.

ஓய்வு பெற்ற பிறகு கோயிலுக்குப் போனேன். பெருமாளும் கமிட்டிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். கூட்டத்தில் என்ன கேட்கப்பட்டது, நான் என்ன சொன்னேன், அவர்களிடம் வந்து யார் பெயருக்குத் தலையாட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். பெருமாள் முழுவதும் கேட்டார்.

"பென்சன் கைக்கு வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு."

"அதான் பாத்தேன்," என்றார்.

அவர் சொன்னது உண்மை. வேலையில் இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் எனக்கு நட்டம் வந்திருக்கும். நட்டம் வராது என்று உறுதியான பிறகுதான் என் மனசாட்சிக்கு வாய் திறந்தது. இதைப் படிக்கும் நீங்கள் தவறு செய்வீர்கள், எல்லாரும் செய்வோம். சொல்வதானால் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். பிறகு சொல்வதற்குப் பாதி மதிப்புக்கூட இல்லை.

பெருமாள்தான் காமாட்சி அக்காவின் முகவரியைக் கொடுத்தார். போனேன். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, "என்னா தம்பி, சொல்லுங்க," என்றார். சொன்னேன்.

அக்கா தேத்தண்ணிக் கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு, "இந்தத் தடவ இங்க போட்டேன்," என்றார். "கீழ இருக்கிற பள்ளிக்கூடத்துல. மை வச்சாங்க. வெளிய வந்து வெரலக் காட்டுறதுக்கு ஒரு ஆளு தெரிஞ்ச ஆளு இல்ல. நேரா வீட்டுக்கு வந்து மீன் ஆய்ஞ்சேன்."

"மன்னிச்சுருங்கக்கா."

"என்னைய விடுங்க." அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "அந்த புவான் சல்மியா எங்கம்மா செத்தன்னிக்கு வந்து ராவெல்லாம் எங்ககூட ஒக்காந்திருந்தவங்க. குழாய் வேலைக்கு வந்தப்ப நான் அவங்கள வாசல்லயே நிக்க வச்சேன். மூஞ்சியில அடிச்சாப்ல கதவச் சாத்துனேன். ஒங்க பேச்சக் கேட்டு. அவங்க எங்க இருக்காங்க இப்ப?"

விசாரித்தேன். புவான் சல்மியாவும் ஓய்வு பெற்று ரெம்பியாவில் மகளோடு இருந்தார். காமாட்சி அக்கா பார்க்க விரும்புகிறார், நான் அழைத்து வரலாமா, எனக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். 'கக்கா வரட்டும்' என்று மட்டும் பதில் வந்தது. மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துக்கொண்டு போனேன். புவான் சல்மியா கேட்டுக்கு வந்து நின்றார். அக்கா காரிலிருந்து இறங்கிப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாசார் மலாயில், சந்தையில் பேசும் கொச்சை மலாயில், ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றார். நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, செய்ததையெல்லாம் சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை.

"தெரியும், துவான்," என்றார் புவான் சல்மியா. "கேள்வி கேட்டவள் நான். பதில் சொன்னவர் நீங்கள். பிறகு தோட்டத்தார் என் முகத்தில் விழிக்க மறுத்தார்கள். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?"

"ஏன் அப்போதே கேட்கவில்லை?"

"கேட்டேனே. தெரியாது என்றீர்கள்." பிறகு சொன்னார்: "தோட்டத்துக்குப் போய் நானே சொல்லியிருக்கலாம். உங்கள் ஆள்தான் உங்களை ஏமாற்றினார் என்று நான், ஒரு மலாய்க்காரி, அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டுமா? நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். ரொம்ப வருடம் காத்திருந்தேன்."

பிறகு அக்காவின் தோளில் கை போட்டார். "கக்கா, உள்ளே வாருங்கள். வெயிலாக இருக்கிறது." என் பக்கம் திரும்பி, மரியாதை ஒன்றும் குறையாமல், "துவான் காரில் இருங்கள்," என்றார்.

இருந்தேன். உள்ளே யாரோ அழுவது கேட்டது. அதன்பிறகு பேச்சு, கரண்டிச் சத்தம், நடுவில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

காமாட்சி அக்கா திரும்பி வரும்போது மடியில் ஒரு டப்பா வைத்திருந்தார். வாழையிலையில் மடித்த குவே, மலாய்ப் பலகாரம், இன்னும் சூடாக இருந்தது. தேங்காயும் சர்க்கரையும் மணந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இது எனக்குக் குடுத்தது," என்றார்.

"தெரியுங்கக்கா."

"ம். எடுங்க காரை."

அதன் பிறகும் அவர் போன் செய்து கூப்பிடும்போதெல்லாம் அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், முட்டி வலி. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கி உள்ளே போகிறார். நான் கேட்டுக்கு வெளியே, மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் புவான் சல்மியாவின் மகள் வெளியே வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.